கொடியில் காய்ந்த தொப்பி

டோபியாஸ் வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் பெரெஸ் அவூர் இறங்கி, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து கடைக்குள் போய்விட்டாள்.

இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, எரியாத கடைகளில் நடந்த தீ விபத்துகளை விசாரித்தவள். இப்போது கென்யாவின் கிசுமு நகரில் தனியாகத் துப்பறிகிறாள். ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் அவள் உட்கார்ந்து டோபியாஸ் பார்த்ததில்லை. டோபியாஸுக்கு அவளிடம் இரண்டு வேலை. வண்டி ஓட்டுவது, வாயடிப்பது. சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

"ஷட்டரை ஏன் பாதியில விட்டிருக்க, ஜாஃபெத்?"

"மூஞ்சியைக் காட்ட முடியல மேடம். போறவன் வர்றவன்லாம் 'திருடன் கடை'ன்னுட்டுப் போறான்."

ஜாஃபெத்துக்கு நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாக இதே கட்டிடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். மேஜையில் பிரித்துப் போட்ட ஏதோ ஒரு பெட்டியின் ஒரே திருகைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"நாலு மணிக்குச் சேர்மன் பூட்டோட வர்றாரு. கடைக்காரங்க சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்களாம்."

"இப்ப மணி பன்னிரண்டே கால். டோபியாஸுக்கு இன்னும் கதை தெரியாது. அவனுக்குச் சொல்லு. வேகமா."

"மூணு வாரம் முன்னாடி ஒக்கெயோவும் அவங்க அம்மாவும் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தாங்க. பழைய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துட்டுப் பெருசாப் புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்தேன். இங்க ஓட்டிக் காமிச்சேன். நொடிக்கு நூத்திப் பத்துப் படம். கேம் தண்ணி மாதிரி ஓடுச்சு. வீட்டுல இருபதுங்கிறான். பழைய கார்டுலயே நாப்பது வருமாம்."

"புதுசு வாங்கினா பழசை விட மோசமா?" என்றான் டோபியாஸ். "என் ரெண்டாவது கல்யாணம் மாதிரி இருக்கே."

ஜாஃபெத் சிரிக்கவில்லை. "மூணு தடவ தூக்கிட்டு வந்தான். இங்க போட்டா நூத்திப் பத்து. வீட்டுல போட்டா இருபது. டிரைவரை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். பவர் சப்ளையை மாத்திப் பாத்தேன். மானிட்டர் வயரைக் கார்டுலதான் சொருகியிருக்கானான்னு ஃபோட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. சேர்மன் என்னடான்னா, கடையில நல்ல கார்டைப் போட்டுக் காமிச்சுட்டு, திருப்பிக் குடுக்கறப்ப டூப்ளிகேட்டை வெச்சுடறேன்னு சொல்றாரு."

"நீ நேரா வீட்டுக்கே போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"போனேன் அண்ணே. 'திருடன் என் தங்கச்சி வீட்டுப் படி ஏறக் கூடாது'ன்னு சேர்மன் கேட்டுலயே நிறுத்திட்டாரு. ஒக்கெயோ அவரோட தங்கச்சி மகன்."

பெரெஸ் அதற்குள் வெளியே போய் வண்டியின் பின்சீட்டில் ஏறியிருந்தாள்.

ஒக்கெயோவின் வீடு இருந்த மன்யாட்டா பகுதியின் செம்மண் சாலையில் வண்டி குலுங்கியது. முன்னால் போன லாரி கிளப்பிய புழுதியில் டோபியாஸின் பற்கள்கூடச் சிவந்தன.

"புதன்கிழமை நான் மட்டும் வந்தப்ப அந்த கம்ப்யூட்டர் கடையில இருந்துச்சு," என்றாள் பெரெஸ் அவன் காதருகே. "ஜாஃபெத் டீ வாங்கப் போன நேரத்துல, கார்டோட அடி ஓரத்துல என் நகப்பூச்சால ஒரு பொட்டு வெச்சேன். அவனுக்கே தெரியாது."

"வீட்டுல இருக்கறதுல பொட்டு இல்லன்னா?"

"நம்மகிட்ட வந்து அழுத ஆளே திருடன்."

டோபியாஸ் வேகத்தைக் குறைத்தான். ஒரே திருகைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த ஜாஃபெத் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றான். பொட்டு இருக்க வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்டான். பெரெஸ் அவன் முதுகில் தட்டினாள். மறுபடி முறுக்கினான்.

ஒக்கெயோவின் அம்மாவை அந்தத் தெருவில் எல்லோரும் மின் ஒக்கெயோ என்றுதான் கூப்பிடுவார்கள். மின் என்றால் அம்மா; மகன் பெயரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவது இந்தப் பக்கத்து மரியாதை. உயரமான, நிமிர்ந்த அம்மாள். மூன்று மணிக்கு வீட்டில் ஜெபக்கூட்டம். இந்த மாதம் அவள் வீட்டு முறை. தெருவின் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள். அடுப்பில் டீக்கான தண்ணீர் கொதித்தது, மந்தாசிப் பலகாரம் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தது.

"வாங்க வாங்க. பாத்து உக்காருங்க, கஞ்சி இப்பத்தான் காஞ்சுது."

கஞ்சி என்று அவள் சொன்னது துணிக் கஞ்சியை. சோபாவின் முதுகில், கைப்பிடியில், முக்காலியில், டிவி தலையில், ஃபிரிட்ஜ் மேல், ரேடியோ மேல், டீ ஃபிளாஸ்கின் கழுத்தில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைவெளேரென்ற குரோஷா விரிப்புகள், மரவள்ளிக் கஞ்சி போட்டு விறைத்து நின்றன. டோபியாஸ் வீட்டிலும் இருக்கிறது, சேர்மன் வீட்டிலும் இருக்கிறது. இவ்வளவு விறைப்பாக இல்லை, அவ்வளவுதான். அவன் சோபாவின் விளிம்பில் கோழி உட்காருவதுபோல் உட்கார்ந்தான்.

ஜன்னலோரம் சின்ன மேஜையில் அந்த கம்ப்யூட்டர் இருந்தது. ஒக்கெயோ, இருபத்து மூன்று வயது, ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம்.

"எனக்கு ஜாஃபெத் அண்ணன் மேல கோவம் இல்ல மேடம். மாமாதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"பக்கத்துத் தகட்டைக் கழட்டு தம்பி," என்றாள் பெரெஸ்.

கழற்றினான். பெரெஸ் கைபேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். டோபியாஸ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

கார்டின் அடி ஓரத்தில், கடுகளவு, கருஞ்சிவப்புப் பொட்டு.

"அதே கார்டுதான்," என்றாள்.

டோபியாஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. "அப்பாடா! நம்ம ஆளு யோக்கியன்."

"யோக்கியன்தான். ஆனா வீட்டுல ஏன் ஓட மாட்டேங்குது? அதைச் சொல்லாம இதை யார் நம்புவா? தம்பி, மூடிட்டு கேமைப் போடு."

ஒக்கெயோ கார்ப் பந்தயம் ஒன்றைப் போட்டான். திரையின் மூலையில் எண் வந்தது. 110. பத்து நிமிடம் கழித்து 111. அரை மணி கழித்தும் 109. நடுவில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கரண்ட் குறைகிறதோ என்று பெரெஸ் டோபியாஸை விட்டு அதை நிறுத்திப் போடச் சொன்னாள். எண் அசையவில்லை.

ஒக்கெயோ கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "நேத்து சாயங்காலம்கூட இருபது மேடம்! சத்தியமா! கால் மணி நேரத்துல தேரு இழுக்கற மாதிரி ஆயிடும்!"

"உங்களைப் பாத்து பயந்துடுச்சு மேடம்," என்றான் டோபியாஸ். "என் வண்டியும் அப்படித்தான், மெக்கானிக்கைப் பாத்தா இருமலை அடக்கிக்கும்."

அந்த நேரம் பார்த்துச் சேர்மன் மகாக் உள்ளே வந்தார். இரண்டு மணிகூட ஆகவில்லை. கையில், அட்டை பிரிக்காத புத்தம்புதுப் பூட்டு. திரையைப் பார்த்தார். 110. சிரித்தார்.

"ஆகா. நீங்க வந்ததும் ஓடுதே."

"அண்ணே, கார்டு மாறவே இல்ல. புதன்கிழமை நான் வெச்ச பொட்டு இதுல அப்படியே இருக்கு," என்றாள் பெரெஸ்.

"எங்க?" ஒக்கெயோ தகட்டைக் கழற்றிக் காட்டிவிட்டு மூடும்வரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பெரெஸின் விரல்களைப் பார்த்தார். பத்து நகத்திலும் அதே கருஞ்சிவப்பு. "நகப்பூச்சு உங்க கைப்பையில, கம்ப்யூட்டர் உங்க கையில. இன்னைக்கு நல்ல கார்டைக் கொண்டாந்து வெச்சு, அதுல ஒரு பொட்டும் வெச்சிருக்கலாமே? ஜாஃபெத்துக்காகத்தானே வந்திருக்கீங்க?"

அந்த மனிதர் சொன்னதில் ஓட்டை இல்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரே இப்போது ஜாஃபெத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"ஜெபம் முடிஞ்ச கையோட கிளம்புவேன். நாலு மணிக்குப் பூட்டு," என்று சொல்லிவிட்டு, பெரிய சோபாவில் விரிப்பு கசங்காமல் பக்குவமாக உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு வந்து போய் வந்த பழக்கம்.

பெரெஸ் நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜிலிருந்து ஜன்னல். ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் சிவந்தது. அதையடுத்து கம்ப்யூட்டரின் தலையில் கோடு இழுத்தாள். விரலில் ஒன்றுமில்லை.

"டோபியாஸ், காலையிலருந்து உன் மூஞ்சியில எவ்வளவு புழுதி?"

"ஒரு சோளப் பாத்தி போடலாம் மேடம்."

"இது ஜன்னல்கிட்டயே மூணு வாரமா இருக்கு. ஒரு துளி இல்ல."

"அம்மா துடைச்சிருப்பாங்க."

"ஜன்னல் கட்டையைத் துடைக்காமயா?" அவள் முன்பக்கச் சல்லடையில் எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தாள். பஞ்சு போல வெள்ளையாக, மெல்லிய நார். "இது என்ன?"

"பூனை முடி."

"இந்த வீட்டுல பூனை இருந்தா ஒரு நூல்கண்டு மிஞ்சுமா?" ஒக்கெயோ பக்கம் திரும்பினாள். "தம்பி, கார்டு போட்ட முதல் நாள் வீட்டுல எவ்வளவு ஓடுச்சு?"

"முதல் நாள் நான் ஆடவே இல்ல மேடம். கம்ப்யூட்டரை வெச்சுட்டு அன்னைக்கே சியாயா ஊருக்கு வேலையாப் போயிட்டேன். நாலு நாள் கழிச்சு வந்துதான் கேம் போட்டேன். அப்பவே இருபது."

"அந்த நாலு நாளும் வீட்டுல யாரு?"

"அம்மா மட்டும்தான்."

சேர்மனின் தலை மெல்லத் திரும்பியது. பெரெஸ் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சோபா, டிவி, ரேடியோ, ஃபிளாஸ்க். பார்வை கடைசியில் கம்ப்யூட்டரில் வந்து நின்றது. சட்டென்று கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். டோபியாஸ் பின்னாலேயே ஓடினான்.

கொல்லையில் நல்ல வெயில். கொடியில் துணி நிறையத் தொங்கிய அடையாளமாகக் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. எல்லாம் காய்ந்து உள்ளே போய்விட்டது. ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் குரோஷா வேலைதான். ஆனால் விரிப்பு இல்லை. நாலு மூலையும் தைத்து, அடிப்பக்கம் திறந்து, ஒரு பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை.

"இது எந்தத் தலைக்குத் தொப்பி?" என்றான் டோபியாஸ். பெரெஸின் முகம் கடுகடுவென்றிருந்ததால், சிரிக்க வைக்கலாமென்று அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். தோள்வரை இறங்கியது. வட்ட ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். "மேடம், நான்தான் பிஷப். ஆசீர்வாதம் வேணுமா?"

"கொஞ்ச நேரம் அப்படியே இரு."

"விளையாட்டுக்குத்தான் போட்டேன் மேடம்..."

"இருன்னு சொன்னேன்."

இருந்தான். உள்ளே வழவழவென்று சாட்டின் லைனிங். லைனிங் போட்டதால்தான் இன்னும் முழுசாகக் காயவில்லை. விட்ட மூச்சு வெளியே போகாமல் முகத்திலேயே அடித்தது. முக்கால் நிமிடத்தில் நெற்றி வியர்த்து வழிந்தது.

"மேடம், வெந்துட்டேன். எடுத்துடவா?"

"வேகமா ஓடச் சொன்னா ஓடுவியா இப்ப?"

"நடக்கவே..." என்று ஆரம்பித்தவன், ஒற்றைக் கண்ணோடு அப்படியே நின்றான்.

அந்த வீட்டில் துணி போர்த்தாத பொருள் ஒன்றே ஒன்று. இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள்.

"தம்பி, அதைப் போட்டு விளையாடாதீங்க, கம்ப்யூட்டரோடது!" மின் ஒக்கெயோ கரி இஸ்திரிப் பெட்டியோடு வாசற்படியில் நின்றாள். டோபியாஸ் அவசரமாகக் கழற்றினான்.

"அழகா இருக்கும்மா," என்றாள் பெரெஸ், குரலைத் தாழ்த்தி. "எத்தனை நாள் ஆச்சு பின்ன?"

"நாலு நாள். மகன் ஊருல இல்லாத நேரமாப் பாத்துப் பின்னினேன். முன்னாடி இருந்தது மேல மட்டும் போடற சின்ன விரிப்பு, ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்தக் கடைக்காரப் பையன் என்கிட்டத்தான் சொன்னான், 'அம்மா, இந்தக் கார்டுக்கு எமனே தூசிதான். தூசி படாம பாத்துக்கோங்க'ன்னு. அதான் உள்ள சாட்டின் வெச்சேன். அவன் திருடனா இருக்கட்டும், சொன்னது நல்ல வார்த்தை."

"ஒக்கெயோ ஆடும்போது எடுத்துடுவானா?"

"எதுக்கு எடுக்கணும்? பட்டன் அமுக்கத்தான் ஓட்டை வெச்சிருக்கேனே. கடைக்குத் தூக்கிட்டுப் போறப்ப எடுப்பான். துவைக்கறப்ப நான் எடுப்பேன்."

மகனுக்கும் மாமாவுக்கும் அது கண்ணில் படவேயில்லை. படாது. டிவி மேல் விரிப்பு இருப்பதை யார் பார்க்கிறார்கள்? இல்லாவிட்டால்தான் பார்ப்பார்கள்.

"அம்மா," என்றாள் பெரெஸ். "அது மூச்சு விடணும். பழைய கார்டு சின்னது, சூடு கம்மி. புதுசு அடுப்பு மாதிரி. சூடு வெளிய போக வழி இல்லன்னா, வெந்து சாகாம இருக்கறதுக்காகத் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும்."

இஸ்திரிப் பெட்டியைப் படியில் வைத்தாள் மின் ஒக்கெயோ.

"அப்ப நான்தானா?"

உள்ளே முதல் பெண்கள் வந்துவிட்ட பேச்சும் சிரிப்பும் கேட்டது. டோபியாஸுக்கு அந்த அம்மாளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் பின்னல் கற்றுக்கொண்டவர்கள்.

"உங்க பேரை எடுக்க வேணாம்," என்றாள் பெரெஸ். "ஏதோ வயர் தளர்ந்திருந்துச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

டோபியாஸ் திடுக்கிட்டான். இருபது வருடத்தில் ஒரு அறிக்கையில்கூடப் பொய் எழுதாதவள் பெரெஸ்.

மின் ஒக்கெயோ வேண்டாமென்று தலையை அசைத்தாள். "வயர்னு சொன்னா, அதை மாட்டினவன் யாருன்னு என் அண்ணன் கேப்பான். மறுபடியும் அந்தப் பையன் தலைதான் உருளும். குடுங்க தம்பி."

வாங்கினாள். படியிலேயே விரித்து இஸ்திரி போட்டாள், ஆவி பறக்க, ஓரம் ஓரமாக, கடைசி ஈரம் போகும்வரை. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெபத்துக்கு வந்து சேர்ந்திருந்த ஒன்பது பெண்களும் சேர்மனும் பார்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரின் தலையில் கவிழ்த்து, ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. வட்ட ஓட்டை சரியாகப் பட்டன் மேல் வந்து நின்றது.

"ஒக்கெயோ, ஆடு."

"அம்மா, ஜெபம்..."

"ஜெபம் கால் மணி தள்ளி நடக்கட்டும். ஆடு."

ஆடினான். 110. ஐந்து நிமிடத்தில் 94. சோபாவில் இருந்த ஒரு பெண் எண்ணைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எழுபத்தொண்ணு. அம்பது. முப்பத்தாறு. கார் திரையில் திக்கித் திக்கி நகர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் ஃபேன் கதறியது. பெரெஸ் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், அசையாமல், அந்தக் கால் மணி நேரமும்.

"இருபது," என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

மின் ஒக்கெயோ துணியைத் தூக்கினாள். சூடான காற்று குப்பென்று அவள் முகத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறுத்து எண் ஏறத் தொடங்கியது. நாற்பது. எண்பது. நூற்றுப் பத்து.

"ஆமென்," என்றாள் யாரோ, வாய் தவறி.

"கார்டும் அதேதான், கடைக்காரனும் யோக்கியன்தான்," என்றாள் மின் ஒக்கெயோ. "கழுத்தை நெரிச்சது நான். ஆசையாத்தான் நெரிச்சேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்லக் கூடாது." அண்ணன் பக்கம் கையை நீட்டினாள். "பூட்டைக் குடு."

சேர்மன் எழுந்தார், உட்கார்ந்தார். "நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"குடு அண்ணே."

கொடுத்தார். அவள் அந்தப் புதுப் பூட்டை அட்டையோடு அந்தத் துணித் தொப்பிக்குள் போட்டு, நாலாக மடித்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"தூசி படாம இருக்கட்டும்."

முதலில் சிரித்தது சேர்மன்தான். அது வெட்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒன்பது பேரும் சிரித்தார்கள். டோபியாஸும் சிரித்தான்.

வாசலில் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஜாஃபெத்துக்குப் போன் போட்டான், பெரெஸுக்கும் கேட்கிற மாதிரி.

"பூட்டு வரல. சேர்மன் மந்தாசி சாப்பிட்டுட்டு இருக்காரு. வந்து மன்னிப்புக் கேப்பாரு, டீ போட்டு வை."

"அண்ணே... யாரு? யாரு பண்ணினா?"

"கஸ்டமர் கிளம்பறப்ப கடைசியா ஒண்ணு சொல்லுவியே, என்ன அது?"

"தூசி படாம பாத்துக்கோங்கன்னு..."

"ஒக்கெயோ அம்மா பாத்துக்கிட்டாங்க. சாட்டின் லைனிங் வெச்சு."

ஜாஃபெத் புரிந்துகொண்ட நொடி டோபியாஸுக்குக் கேட்டேவிட்டது, ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்த சத்தமாக.

"ஐயோ. இந்த மாசம் மட்டும் பதினோரு வீட்டுல அதைச் சொல்லியிருக்கேன் அண்ணே."

பெரெஸ் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "முதல் வீடு எதுன்னு கேளு," என்றாள்.

டோபியாஸ் கேட்டான். போனில் வேறொரு சத்தம்தான் வந்தது, தகரம் கடகடவென்று உருண்டு மேலே போகிற சத்தம். ஜாஃபெத் ஷட்டரை முழுசாகத் தூக்கிக்கொண்டிருந்தான்.